ஸ்க்ரூ வைக்கச் சொன்ன டாக்டரா, பொறுக்கச் சொன்ன டாக்டரா?

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, சுருக்கித் தருகிறேன்.

"அம்மாவுக்கு 61 வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். இடுப்பு வலி ரொம்ப காலமாக உண்டு. ஆனால் எட்டு மாதமாக ஐந்து நிமிடம் நடந்தாலே இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது. வில்லிவாக்கம் மார்க்கெட்டுக்குப் போனால் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் போகிறார். உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூன்று இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, எல்4-5 இடத்தில் (இடுப்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில்) எலும்பு முதல் நிலை நழுவல், நரம்புப் பாதை ரொம்பக் குறுகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

ஒரு பெரிய மருத்துவமனையில் பிரபலமான ஆர்த்தோ டாக்டரைப் பார்த்தோம். பெயருக்குப் பின்னால் இரண்டு வரி பட்டம், வெளிநாட்டுப் பயிற்சி. ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு, 'ஸ்க்ரூ வைக்கணும், இந்த வாரமே அட்மிட் ஆகிடுங்க, தள்ளிப்போட்டா கால் விழுந்துடும்' என்றார். மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை. பிறகு ஒரு இளைய டாக்டரிடம் போனோம். அவரும் ஆர்த்தோதான். முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார், அம்மாவை நடக்க வைத்துப் பார்த்தார். 'அவசரமில்லை, கொஞ்ச நாள் பார்க்கலாம்' என்றார். அண்ணன், 'அனுபவம் உள்ளவர் சொல்வதைத்தான் கேட்கணும்' என்கிறான். பக்கத்து வீட்டுக்காரர், 'முதுகெலும்பு என்றால் நியூரோ டாக்டர்தான் பார்க்கணும், ஆர்த்தோ தொடவே கூடாது' என்கிறார். மாமா புத்தூர் கட்டுப் போடச் சொல்கிறார். ஒரு நல்ல டாக்டரை எப்படி அடையாளம் காண்பது? யாரிடம் போவது? தள்ளிப்போட்டால் அம்மா படுத்தபடுக்கையாகிவிடுவாரா? இரண்டாவது ஆளிடம் போனது தெரிந்தால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?"

வணக்கம் சகோதரி.

நானும் ஆர்த்தோ வழியில் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு வந்தவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதை அந்தச் சாய்வோடு சேர்த்தே படியுங்கள். இன்னொன்று, உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை. கடிதத்தை வைத்து யாரும் அறுவை சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. எதைக் கேட்பது, எதை நம்புவது, எதைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு டாக்டர் கெட்டவராகவும் ஒருவர் நல்லவராகவும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதலாமவர் அம்மாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் முடிவு சொன்னது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்ன நோய் சரியாக இருக்கலாம். இரண்டாமவர் அன்பாகப் பேசினார், முறையாகப் பரிசோதித்தார். ஆனால் 'கொஞ்ச நாள்' என்றால் எவ்வளவு நாள், அதற்குள் என்ன செய்வது, எது நடந்தால் முடிவை மாற்றுவது என்று எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. அதுவும் பாதி ஆலோசனைதான். பொறுமையாகப் பேசுகிறவர் கை தேர்ந்தவர் என்றும் சொல்ல முடியாது, வெடுக்கென்று பேசுகிறவருக்கு வேலை தெரியாது என்றும் சொல்ல முடியாது.

அம்மாவின் காலில் என்ன நடக்கிறது

நடந்தால் கால் கனக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு விஷயம் ஸ்கேன் அறிக்கையைவிட முக்கியமானது. நிமிர்ந்து நிற்கும்போதும் நடக்கும்போதும் இடுப்புப் பகுதியில் நரம்புப் பாதை இன்னும் கொஞ்சம் குறுகும். குனிந்தாலோ உட்கார்ந்தாலோ விரியும். அதனால்தான் இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்தபடி வெகு நேரம் நடப்பார்கள், வெறும் கையோடு தெருவில் நடக்க முடியாது. அம்மா மாவு அரைக்கும்போது குனிந்து வேலை செய்தால் கால் தொந்தரவு குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் பாதை குறுகல்தான் காரணம் என்பதற்கு அது இன்னொரு சாட்சி.

ஆனால் நடந்தால் கால் வலிக்க வேறு காரணங்களும் உண்டு, அதுவும் பன்னிரண்டு வருடச் சர்க்கரை உள்ளவருக்கு. காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தாலும் நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும். அந்த வலி உட்காராமல் சும்மா நின்றாலே போய்விடும். அதனால் பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது கட்டாயம். சர்க்கரையால் நரம்பே கெட்டிருந்தால் மரமரப்பு ராத்திரி படுத்திருக்கும்போதும் இருக்கும், இரண்டு பாதத்திலும் சாக்ஸ் போட்டதுபோல இருக்கும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கழுத்தில் தண்டுவடம் அழுந்தியிருந்தாலும் நடை தடுமாறும். இதையெல்லாம் ஸ்கேன் படத்தில் தேடிப் பயனில்லை. ஆளைப் படுக்க வைத்து, காலைத் தூக்கி, பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்லி, குதிகாலில் நடக்கச் சொல்லி, சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் முதுகில் கத்தி வைக்கலாம் என்று சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, நான் என் வீட்டு ஆளை அவரிடம் படுக்க வைக்க மாட்டேன்.

மூன்று இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருப்பதைப் பார்த்து நீங்கள் ரொம்பப் பயந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதை ஓரமாக வையுங்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015இல் ஒரு ஆய்வு வந்தது. வலியே இல்லாத 60 வயதுக்காரர்களில் 88 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 69 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. இருபது வயதில்கூட 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். ஆக அறுபது வயதில் பிதுக்கம் இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். எலும்பு முதல் நிலை நழுவல் என்பதும் கேட்கும்போது கீழே விழப்போகிற மாதிரி இருக்கும். ஒரு எலும்பு அடுத்த எலும்பின் மேல் கால் பங்குக்குள்தான் முன்னால் வந்திருக்கிறது என்றே அதற்கு அர்த்தம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு எல்4-5 இடத்தில் இது சகஜம். அறிக்கையில் கவனிக்க வேண்டியது நரம்புப் பாதை குறுகல் ஒன்றுதான், ஏனென்றால் அம்மா சொல்லும் தொந்தரவோடு அது பொருந்துகிறது.

'கால் விழுந்துடும்' என்ற பயம்

தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியில், முதல் இரண்டு இடுப்பு எலும்புகளின் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது தனித்தனி நரம்புகளின் கொத்து. அம்மாவுக்குக் குறுகியிருக்கும் இடம் அதற்கு வெகு கீழே. கழுத்திலோ மார்புப் பகுதியிலோ தண்டுவடம் நசுங்கினால் இருக்கும் ஆபத்து வேறு, இது வேறு. வயதால் வரும் இந்தக் குறுகல் பெரும்பாலும் மெதுவாகப் போகும். பலருக்கு வருடக்கணக்கில் ஒரே நிலையில் நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் தேறும், சிலருக்கு நடக்கும் தூரம் குறைந்துகொண்டே வரும். திடீரென்று ஒரு காலையில் இரண்டு காலும் விழுவது அபூர்வம். காலில் பலம் குறையவில்லை, சிறுநீர் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றால் 'இந்த வாரமே' என்று ஓட வேண்டியதில்லை. விதிவிலக்குகளைக் கடைசியில் எழுதியிருக்கிறேன், அதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அதே சமயம், பொறுப்பது என்றால் சும்மா இருப்பதில்லை. முன்பக்கம் மடங்கும் பயிற்சிகளைத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம், கூடவே சர்க்கரைக் கட்டுப்பாடு, எடை குறைப்பு. நடக்க முடியாவிட்டால் நகராத உடற்பயிற்சி சைக்கிளில் மிதிக்கலாம், குனிந்து உட்கார்வதால் அது ஒத்துக்கொள்ளும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியைப் பலர் பரிந்துரைப்பார்கள். பாதை குறுகலுக்கு அந்த ஊசியில் ஸ்டீராய்டு சேர்ப்பதால் பெரிய லாபமில்லை என்று 2014இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. சர்க்கரை உள்ளவருக்குச் சில நாள் சர்க்கரையும் ஏறும். அதனால் அதை ஒரு முறை போட்டுப் பார்ப்பதைத் தடுக்க மாட்டேன், மூன்றாவது நான்காவது முறைக்குப் பணம் கட்டச் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் இப்படி முறையாகப் பார்த்தும் ஐந்து நிமிட நடை ஐந்து நிமிடமாகவே நின்றால் அறுவை சிகிச்சை நியாயமான வழி. அதை அம்மா தோற்றுப்போனதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆர்த்தோவா நியூரோவா

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சென்னையில் பாதிப் பேர் நம்புவதுதான். இந்தியாவில் முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கு இரண்டு வழியாகவும் வருகிறார்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம் முடித்து, எம்.எஸ். ஆர்த்தோ மூன்று வருடம், அதன்பிறகு முதுகெலும்புக்கென்று தனிப் பயிற்சி. இது ஒரு வழி. பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். முடித்து, மூன்று வருடம் எம்.சி.எச். நியூரோ சர்ஜரி என்பது இன்னொன்று. நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு நம் மாநிலம் தாய்வீடு மாதிரி. 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தார், அடுத்த வருடமே சென்னை ஜி.எச்.சில் டாக்டர் பி. ராமமூர்த்தி. அந்தப் பெருமையால்தான் 'நியூரோ என்றால் முதுகு' என்ற எண்ணம் இங்கே இவ்வளவு ஊறியிருக்கிறது என்பது என் ஊகம்.

தண்டுவட உறைக்குள் கட்டி என்றால் நியூரோவிடம் போங்கள். பிள்ளைகளின் முதுகு வளைந்திருந்தால் பெரும்பாலும் ஆர்த்தோ. அம்மாவுக்கு இருப்பது போன்ற குறுகல், டிஸ்க், நழுவல் எல்லாவற்றையும் இரண்டு பிரிவினரும் அன்றாடம் செய்கிறார்கள். மூட்டு மாற்று, எலும்பு முறிவு, நடுவில் எப்போதாவது ஒரு முதுகு என்று செய்கிற ஆர்த்தோவைவிட, வாரம் முழுக்க முதுகெலும்பு மட்டும் பார்க்கும் நியூரோ மேல். அதே மாதிரி தலைக்காயமும் மூளைக் கட்டியும் பார்த்துவிட்டு நேரம் கிடைத்தால் முதுகுக்கு வரும் நியூரோவைவிட, முதுகு மட்டும் செய்யும் ஆர்த்தோ மேல். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட இந்த விகிதம்தான் முக்கியம்.

பட்டங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். எம்.எஸ்., டி.என்.பி., எம்.சி.எச். இவை முழுநேரப் படிப்பு, தேர்வு எழுதி வாங்குவது. தேசியத் தேர்வு வாரியத்தின் எஃப்.என்.பி. முதுகெலும்புப் பயிற்சியும் அப்படித்தான். ஃபெலோஷிப் என்ற சொல்லில்தான் கவனம் வேண்டும். ஒரு வருடம் வெளிநாட்டில் கை நனைத்து ஆபரேஷன் செய்ததும் ஃபெலோஷிப், நான்கு வாரம் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்ததும் சில விசிட்டிங் கார்டுகளில் ஃபெலோஷிப். எத்தனை மாதம், கூடவே ஆபரேஷன் செய்தீர்களா என்று கேட்டால் நேராகப் படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார். சங்க உறுப்பினர் எழுத்துகள் பெரும்பாலும் சந்தா கட்டினால் வருபவை, அதை எண்ணாதீர்கள். மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அரும்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, பெயர் பதிவில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணன் சொல்லும் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இருபது வருட அனுபவம் என்பது ஒரே ஆபரேஷனை எல்லோருக்கும் இருபது வருடம் செய்ததாகவும் இருக்கலாம். ரோபோ, லேசர், தையல் இல்லாத ஆபரேஷன் என்று விளம்பரம் வருகிறதே, அதற்கும் இதே பதில்தான். ஸ்க்ரூவைச் சரியான கோணத்தில் வைக்க ரோபோ உதவும். அந்த ஸ்க்ரூ தேவையா என்று அது சொல்லாது.

ஸ்க்ரூ தேவையா

இங்கேதான் உங்கள் இரண்டு டாக்டர்களிடமும் விட்டுப்போன கேள்வி இருக்கிறது. நரம்பை அழுத்தும் எலும்பையும் தடித்த சவ்வையும் மட்டும் எடுத்துவிடுவது ஒரு ஆபரேஷன். அதோடு கூட ஸ்க்ரூ, கம்பி வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்ப்பது இன்னொன்று. இரண்டாவது பெரியது. ரத்தம் அதிகம் போகும், நேரமும் செலவும் கூடும், எலும்பு ஒட்டப் பல மாதம் பிடிக்கும். நழுவல் இருந்தாலே ஸ்க்ரூ என்பதுதான் வெகு காலம் வழக்கம். 2016இல் சுவீடன் ஆய்வு ஒன்று, நழுவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்க்ரூ சேர்த்ததால் இரண்டு வருடம் கழித்துக் கூடுதல் பலன் இல்லை என்றது. அதே இதழில் வந்த அமெரிக்காவின் சிறிய ஆய்வு, ஸ்க்ரூ வைத்தவர்கள் கொஞ்சம் மேலாக இருந்தார்கள், மறு ஆபரேஷனும் குறைவு என்றது. 2021இல் நார்வேயிலிருந்து வந்த ஆய்வில் அழுத்தத்தை மட்டும் எடுத்தவர்கள் ஸ்க்ரூ வைத்தவர்களுக்குச் சளைக்கவில்லை. அழுத்தத்தை மட்டும் எடுத்தவர்களுக்கு மறு ஆபரேஷன்தான் சற்றுக் கூடுதல்.

ஆகவே நேர்மையான டாக்டர்கள் இருவர் இதில் வேறு வேறு சொல்லலாம். ஆனால் காரணம் சொல்ல வேண்டும். நிற்க வைத்து, முன்னால் குனிந்தும் பின்னால் சாய்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் எலும்பு நகர்ந்தால் ஸ்க்ரூவுக்கு வலுவான காரணம் உண்டு. எம்.ஆர்.ஐ. படுத்துக்கொண்டு எடுப்பது, நகர்வதை அது காட்டாது. உங்கள் கடிதத்தில் இந்த எக்ஸ்ரே பற்றிப் பேச்சே இல்லை. சில நூறு ரூபாய் வேலை, அதை எடுக்காமலே பல லட்ச ரூபாய் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று எலும்பின் அடர்த்தி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு மெலிந்திருந்தால் ஸ்க்ரூ பிடிக்காமல் தளரும். டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் முதலில் அதற்கு மருந்து தொடங்குவது நல்லது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (ஹெச்.பி.ஏ1சி) எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதைக் குறைத்துவிட்டுத்தான் அவசரமில்லாத ஆபரேஷன். புண்ணில் சீழ் பிடிப்பது சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம்.

அடுத்த முறை டாக்டரிடம் கேட்க

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பரீட்சை வைப்பது போலக் கேட்காமல் சாதாரணமாகக் கேளுங்கள்.

அம்மாவின் எந்தத் தொந்தரவு இந்த ஆபரேஷனால் குறையும், எது குறையாது? கால் கனப்பும் நடக்கும் தூரமும் நன்றாகத் தேறும். பல வருட இடுப்பு வலி அந்த அளவு தேறாது. மரமரப்பு கொஞ்சம் தங்கிவிடலாம். எல்லாமே போய்விடும் என்று சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

செய்யாவிட்டால் என்ன ஆகும், ஆறு மாதம் கழித்துச் செய்தால் பலன் குறையுமா?

ஸ்க்ரூ இல்லாமல் முடியுமா, முடியாதென்றால் எந்தப் படத்தை வைத்துச் சொல்கிறீர்கள்?

நீங்களே செய்வீர்களா, மயக்க மருந்து நிபுணர் யார், அன்று இரவு ஏதாவது என்றால் யார் வருவார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஐந்து மருத்துவமனைகளில் ஓடி ஓடி ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் நம் ஊரில் நிறைய. ஆபரேஷன் முடிந்த இரவு காலை அசைக்க முடியவில்லை என்றால், ரத்தம் கட்டி நரம்பை அழுத்துகிறதா என்று சில மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

உங்கள் கையில் நரம்பு உறை கிழிவது, சீழ், மறு ஆபரேஷன் இவை எந்த அளவுக்கு நடக்கின்றன? ஒருபோதும் நடந்ததில்லை என்பது நல்ல பதில் இல்லை. தொடர்ந்து ஆபரேஷன் செய்யும் யாருக்கும் இவை நடந்திருக்கும்.

இரண்டாவது கருத்து, கையெழுத்து, பணம்

இரண்டாவது கருத்து கேட்பது நோயாளியின் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் அது தெளிவாக இருக்கிறது. கோபித்துக்கொள்கிற டாக்டர் கோபித்துக்கொள்ளட்டும், அவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். ஸ்கேன் பிலிமும் சி.டி.யும் உங்களுடையவை. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவது டாக்டரிடம் போகாதீர்கள், படங்களையே கொண்டுபோங்கள். முடிந்தால் முதல் இருவர் சொன்னதை உடனே சொல்லாமல், அவர் பார்த்து முடித்த பிறகு சொல்லுங்கள்.

இப்போது கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டு ஒன்று கேட்கிறேன். உங்கள் கடிதத்தில் அண்ணன் என்ன சொல்கிறார், மாமா என்ன சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று எல்லாம் இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. முதுகு அவருடையது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடமே வாங்க வேண்டும், அந்த நோயாளியின் அம்மா கொடுத்த சம்மதம் போதாது என்று சொன்னது. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்றும் சொன்னது. நம் வீடுகளில் 'அம்மாவுக்குச் சொன்னா பயந்துடுவாங்க' என்று மகன் கையெழுத்துப் போடுவது சாதாரணம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் அம்மாவுக்கு ஐந்து நிமிட நடையே போதுமாக இருக்கலாம். வாசலில் உட்கார்ந்து மாவு விற்றால் அவர் நாள் ஓடிவிடும், ஆபரேஷன் வேண்டாம் என்று அவர் சொல்லலாம். இல்லை, கபாலி கோவிலைச் சுற்றி வர வேண்டும், பேரனைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்காக எந்த ஆபரேஷனுக்கும் தயார் என்றும் சொல்லலாம். இந்த ஆபரேஷன் வேண்டுமா என்பதை ஸ்கேன் பாதி தீர்மானிக்கிறது என்றால், மீதிப் பாதி இந்தப் பதில்தான். டாக்டர் அறையில் அவர் பேசட்டும், நீங்கள் இருவரும் கொஞ்சம் பின்னால் உட்காருங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். எந்த மருத்துவமனையில், எந்த ஆபரேஷனுக்கு என்பதை அங்குள்ள காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ஆர்த்தோ, நியூரோ இரண்டும் உண்டு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆனால் அங்கே யாருக்கும் உங்கள் அம்மாவின் ஸ்க்ரூவால் லாபமில்லை. இரண்டாவது கருத்துக்கு மட்டுமாவது போய்வரலாம். தனியார் பாலிசி இருந்தால் முதுகெலும்புக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறதா என்று பாருங்கள், பல பாலிசிகளில் உண்டு.

புத்தூர் கட்டு

மாமாவிடம் மரியாதையாகவே மறுத்துவிடுங்கள். இது எலும்பு முறிவு இல்லை, கட்டிச் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. நழுவிய எலும்பை இழுத்துத் திருகி உள்ளே தள்ள முடியாது, மெலிந்த எலும்பாக இருந்தால் அந்த முயற்சியில் உடையலாம். எண்ணெய் தேய்த்து இதமாகப் பிடித்துவிடுவதில் தப்பில்லை. மரத்துப்போன காலில் வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்து, அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்குப் போகிற சர்க்கரை நோயாளிகள் உண்டு.

இவை வந்தால் காத்திருக்காதீர்கள்

சிறுநீர் வராமல் கட்டிக்கொள்வது, அல்லது தெரியாமல் போய்விடுவது. மலம் அடங்காமல் போவது. உட்காரும் இடத்தில், பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி மரப்பது. கழுவும்போது தெரியவில்லை என்று அம்மா கூச்சத்தால் சொல்லாமல் இருக்கலாம், நீங்கள்தான் கேட்க வேண்டும். செருப்பு தானாகக் கழன்று விழும் அளவுக்குப் பாதம் தொங்குவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் பிசியோ, மூன்று மாதம், இரண்டாவது கருத்து எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். முதல் மூன்றும் நரம்புக் கொத்து முழுவதும் அழுந்துவதன் அடையாளம்; சில மணி நேரத்தில் ஸ்கேன், முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் என்பதுதான் நடைமுறை. காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி தூங்கவிடாத முதுகு வலி வந்தாலும் தாமதிக்க வேண்டாம். நம் ஊரில் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். அதில் பெரும்பாலானவை மாத்திரையிலேயே ஆறும் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானவை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் நடந்தவை. ஆனால் மாத்திரையைத் தொடங்க முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

சிறுநீர், கால் பலம் சம்பந்தப்பட்டது என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் 108க்குக் கூப்பிட்டு, நியூரோவோ ஆர்த்தோவோ எந்த முதுகெலும்பு டாக்டர் அப்போது பணியில் இருக்கிறாரோ அவரிடம் போங்கள். அந்த நேரத்தில் பட்டத்தைப் பார்க்க வேண்டாம்.